எந்தப் பறவை சாகவில்லை? குமரிக் கடற்கரையில் பறவைச் சாவுகளைத் தேடிப் போன அனுபவம்

ஆனி பிறந்து கச்சான் காற்று வலுத்துவிட்டால் எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். "டாக்டரம்மா, ராஜாக்கமங்கலம் துறையில ஒரு பறவை கரையேறிக் கெடக்கு. இதுவரைக்கும் நாங்க பாக்காத சாதி." "பள்ளம் கரையில நாலஞ்சு கெடக்கு, பறவைக்காய்ச்சலா இருக்குமா?" சில நாள் வாட்ஸ்அப்பில் படம் மட்டும் வரும். இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. குமரி மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக இருந்த காலம் முழுக்க மாடு, ஆடு, கோழிதான் என் அன்றாடம். கடற்பறவைகள் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. ஓய்வுபெற்ற பிறகும் அவை என்னை விடவில்லை. நானும் விடவில்லை.

ஃபோன் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது எத்தனை செத்துக் கிடக்கிறது என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு. அதே கரையில் உயிரோடு என்ன நிற்கிறது? காகம் இருக்கிறதா? கொக்கு மேய்கிறதா? மணல்திட்டில் ஆலாக் கூட்டம் எப்போதும்போல உட்கார்ந்திருக்கிறதா? தெருநாய்கள் எப்படி இருக்கின்றன? கேட்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். செத்ததைப் பற்றிச் சொல்ல வந்தால் இந்த அம்மா உயிரோடு இருப்பதைப் பற்றிக் கேட்கிறாளே என்று நினைப்பார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மாதிரிகூடப் போகும் முன்பே, விஷமா, நோயா, பட்டினியா என்ற திசையை எனக்குக் காட்டியது பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். எப்படி என்று இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னால் புரியும்.

முதலாவது ஒரு தை மாதத்தில் நடந்தது. பழையாறு மணக்குடிக் காயலாகி கடலில் சேரும் பொழிக்குப் பக்கம். குளிர்காலத்தில் அங்கே பழுப்புத்தலைக் கடற்காகங்கள் வந்து தங்கும். திபெத், மத்திய ஆசியப் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிற பறவை. நம் கரையில் 'கடல்காக்கா' என்றால் எல்லோருக்கும் தெரியும். மீன் ஏலம் நடக்கும் இடம், கழிவு கொட்டும் இடம், வலை உதறும் இடம் எல்லாவற்றிலும் அவை இருக்கும். அன்று காலையில் கடல்காக்காக்கள் செத்துக் கிடப்பதாகத் தகவல். நான் போவதற்குள் ஊரில் பறவைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, ஒரு கோழிக்கடைக்காரர் கடையைப் பாதி மூடிவிட்டு நின்றார்.

கரையில் மெல்ல நடந்து பார்த்தேன். கடற்காகங்கள் செத்துக் கிடந்தன. அவற்றுக்கு இடையே ஊர்க்காகங்களும் கிடந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு கிருஷ்ணப்பருந்து. தாழைப் புதருக்குப் பின்னால் ஒரு நாய். ஆனால் பொழியின் மணல்திட்டில் ஆலாக்கள் கூட்டமாக நின்று இறகு கோதிக்கொண்டிருந்தன. கொண்டை ஆலாவும் உண்டு, சின்ன ஆலாக்களும் உண்டு. ஒன்றுகூடச் சாய்ந்திருக்கவில்லை. உள்ளான்கள் ஈரமணலில் ஓடி மேய்ந்துகொண்டிருந்தன.

ஆலா உயிருள்ள மீனை மேலிருந்து பாய்ந்து பிடிக்கும். செத்துக் கிடப்பதைத் தொடாது. கடற்காகம், காகம், பருந்து, நாய் ஆகிய நான்கும் கிடைத்ததைத் தின்பவை. இந்த ஒரு வித்தியாசம் கையில் கிடைத்ததும், தேட வேண்டியது ஏதோ ஓர் இரையை என்பது தெளிவாகிவிட்டது. கையுறை போட்டு ஒரு கடற்காகத்தைத் திருப்பினேன். நெஞ்சுச் சதை நன்றாகக் கொழுத்திருந்தது, பட்டினியில்லை. கால்விரல்கள் இறுக மடங்கியிருந்தன. அலகில் எச்சில் வழிந்து மணல் ஒட்டியிருந்தது. தொண்டையில் விழுங்கியும் விழுங்காமலும் சாளை மீன் துண்டு ஒன்று. அந்தத் துண்டில் மொய்த்த ஈக்கள் அலகைச் சுற்றிலும் மணலில் உதிர்ந்து செத்துக் கிடந்தன. பிணத்தின் மேல் ஈ மொய்ப்பதை ஆயிரம் முறை பார்த்திருப்போம். மொய்த்த ஈ சாவதைப் பார்த்தால் அந்த இடத்தில் குழந்தைகளை நிற்க விடாதீர்கள். கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

மீன் விற்கக் கிளம்பிக்கொண்டிருந்த மைனி ஒருத்தி சொன்னார்: "ராத்திரி யாரோ நாய்க்கு மீன் போட்டுருக்காவ டாக்டரம்மா. ஆடு ரெண்டு கடிபட்டுச்சுல்லா, அந்தக் கோவம்." பிறகு தேடியபோது புதரோரம் தின்னாமல் மிச்சமிருந்த மீன்கள் கிடைத்தன. செதில் இடுக்கில் ஊதா நிறத்தில் குருணைகள். வாழைத்தோப்பில் போடுகிற குருணை மருந்து என்று அங்கிருந்த விவசாயி ஒருவர் பார்த்ததும் சொல்லிவிட்டார். வனத்துறையினர் முன்னிலையில் மகஜர் எழுதி, மீனைத் தனியாகவும் பறவைகளைத் தனியாகவும் கட்டி, முத்திரை வைத்து அனுப்பினோம். கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லி என்று முடிவு வந்தது.

இதில் ஒரு நடைமுறை விஷயம். விஷம் என்று சந்தேகம் வந்தால், முதலில் ஓட வேண்டியது மிச்ச இரையைத் தேடி. பிணம் எங்கும் போகாது. அந்த மீனை அடுத்த ஒரு மணி நேரத்தில் வேறொரு பருந்து எடுத்துக்கொண்டு போய்விடும். செத்த உடல்களையும் திறந்த வெளியில் விட்டுவைக்கக் கூடாது, அவற்றைத் தின்கிற பிராணியும் சாகும். சாட்சியத்தை யார் எடுத்தார், யார் கையில் கொடுத்தார், எப்போது முத்திரை வைத்தார் என்பது காகிதத்தில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஆய்வுக்கூடம் எவ்வளவு சரியாகச் சொன்னாலும், இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டால் வழக்கு நிற்காது.

இரண்டாவது நிகழ்ச்சி இதற்கு நேர் எதிர். ஆனிக்கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த நாட்கள். முட்டம் தொடங்கி ராஜாக்கமங்கலம் துறை, பள்ளம் வரை அங்கங்கே பறவைகள் ஒதுங்கின. கடற்காகம் ஒன்றுகூட இல்லை, அவை ஆனிக்கு முன்பே வடக்கே போய்விடும். காகமும் கொக்கும் நலமாக இருந்தன. ஒதுங்கியவை எல்லாம் ஆழ்கடல் பறவைகள். முதுகு கறுத்து வயிறு வெளுத்த ஆலாக்கள், உடம்பெல்லாம் கரும்பழுப்பாக முதுகில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்த இளம் ஆலாக்கள், அலகின் மேல் மூக்குக் குழாய் வைத்த ஷியர்வாட்டர் ஒன்றிரண்டு. லட்சத்தீவு, மாலத்தீவுப் பக்கத் திட்டுகளிலும் இன்னும் தொலைவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, கரையைப் பார்க்காமலே வாழ்நாளைக் கழிப்பவை இவை. கரையில் ஒதுங்கினாலே ஏதோ சரியில்லை என்று பொருள்.

கரைமடி இழுக்கும் இடத்தில் வயதான ஒருவர் இருந்தார். அந்தப் பக்கம் எல்லோரும் அவரைப் பாட்டா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. நான் போவதற்கு முன்பே ஒரு பறவையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்திருந்தார். "இது கடல்ல கெடந்து பட்டினியாச் செத்தது மக்களே. கனமே இல்ல பாரு." வெறுங்கையால் எடுத்திருந்ததால் முதலில் அவரைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். ஆனால் அவர் சொன்னது சரி. நெஞ்சைத் தடவினால் நடு எலும்பு கத்தி முனையாகக் கையில் குத்தியது. இரண்டு பக்கமும் சதை வற்றிக் குழிந்திருந்தது. எச்சத் துவாரத்தைச் சுற்றிப் பச்சைக் கறை. தீனி இறங்காமல் பித்தம் மட்டும் கழிந்ததன் அடையாளம் அது.

அப்போதும் அங்கே எதையும் அறுக்கவில்லை. பறவைக்காய்ச்சல் இல்லை என்று உறுதியாகும்வரை கடற்கரையில் வைத்து வயிற்றைக் கிழிக்கக் கூடாது. ஆலாவுக்குப் பறவைக்காய்ச்சல் வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: கொடிய வகைப் பறவைக்காய்ச்சல் காட்டுப் பறவைகளில் முதன்முதலில் கண்டறியப்பட்டது ஆலாக்களில்தான். 1961இல் தென்னாப்பிரிக்கக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலாக்கள் செத்தன. 2022இல் நெதர்லாந்தில் ஆலாக் குடியிருப்புகளும் ஸ்காட்லாந்தில் கன்னெட் என்ற கடற்பறவையின் குடியிருப்புகளும் எச்5என்1 கிருமியால் காலியாயின. நம் நாட்டிலேயே 2021 ஜனவரியில் இமாசலப் பிரதேசத்தின் போங் அணையில் ஆயிரக்கணக்கான வரித்தலை வாத்துகள் செத்ததற்கு அதே கிருமிதான் காரணம். பக்கத்தில் கேரளத்தில், ஆலப்புழை, கோட்டயம் வாத்துப் பண்ணைகளில் இது திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. அதனால் 'இது பட்டினிச் சாவுதான்' என்று என் மனது சொன்னாலும், கை காய்ச்சல் என்றே நினைத்து நடந்துகொள்ள வேண்டும்.

என்95 மாஸ்க், கண்ணாடி, இரண்டு ஜோடிக் கையுறை. பிளாஸ்டிக் பையை உள்வெளியாகக் கையில் மாட்டிக்கொண்டு பறவையைப் பிடித்து, பையைப் புரட்டினால் கை படாமல் பறவை உள்ளே போய்விடும். அதை இன்னொரு பைக்குள் போட்டு, நீரில் கரையாத பேனாவால் எழுதிய சீட்டை இரண்டு பைகளுக்கும் நடுவில் வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் ஈரத்தில் ஊறிவிடும், வெளியே ஒட்டினால் ஐஸ் தண்ணீரில் கழன்றுவிடும். தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பதைப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். காய்ச்சல் சந்தேகம் உள்ள மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வுக்கூடத்துக்குத் துறை வழியாகப் போகும். நாம் நேரே கூரியர் போடுகிற விஷயமில்லை.

குளிர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மாதிரிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பறவையை உறையவைக்கக் கூடாது. உறைந்தால் திசுக்களுக்குள் பனி ஊசிகள் உருவாகி உயிரணுக்களை உடைத்துவிடும், நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஐஸில் குளிரவைத்து ஒன்றிரண்டு நாளுக்குள் பிரேதப் பரிசோதனை மேசைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அதற்கு வழியே இல்லை, பல நாள் ஆகும் என்றால்தான் ஃப்ரீசர். விஷப் பரிசோதனைக்கும் கிருமிப் பரிசோதனைக்கும் உறைந்த மாதிரி உதவும். நம் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. மீன்பிடித் துறைமுகம் எங்கே இருக்கிறதோ அங்கே ஐஸ் கம்பெனி இருக்கும், மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி இருக்கும். புதுப் பெட்டியாக வாங்கி, அடியில் ஐஸ், மேலே மடித்த செய்தித்தாள், அதன்மேல் பைகள், இடைவெளியில் மறுபடி ஐஸ். ஒருமுறை நாகர்கோவில் வடசேரியிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட பெட்டி, வாங்க வேண்டியவர் வராததால் மத்தியான வெயிலில் நெடுநேரம் கிடந்தது. திறந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அதன் பிறகு, பெட்டியோடு ஓர் ஆளும் போகாவிட்டால் நான் அனுப்புவதில்லை.

அந்த ஆனி மாதத்துப் பறவைகளில் காய்ச்சல் இல்லை என்று முடிவு வந்தது. பிரேதப் பரிசோதனையில் இதயத்தைச் சுற்றிய கொழுப்பு கரைந்து வெறும் கூழாகியிருந்தது, பித்தப்பை வீங்கியிருந்தது. இரைப்பையில் மீன் இல்லை. கணவாய் மீனின் அலகுத் துணுக்குகள் மட்டும் இருந்தன, அவை சீக்கிரம் செரிக்காது. எல்லாம் பாட்டா கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னதோடு பொருந்தியது. பலத்த காற்றில் நாட்கணக்கில் இரை பிடிக்க முடியாமல், பலமிழந்து கரைக்கு அடித்துவரப்பட்டவை. பாதிக்கு மேல் அந்த ஆண்டு பிறந்த இளசுகள். மழைக்காலத்தில் மேற்குக் கரையோரம் எங்கும் இப்படி ஒதுங்குவது உண்டு.

ஆனால் இங்கே நிறுத்திவிட முடியாது. பட்டினி என்பது எப்படிச் செத்தது என்பதற்கு விடை. ஏன் பட்டினி கிடந்தது என்பது தனிக் கேள்வி. 2015 கோடையிலிருந்து 2016 வசந்தம்வரை அலாஸ்கா முதல் கலிஃபோர்னியாவரை சுமார் 62,000 மர் என்ற கடற்பறவைகள் கரையொதுங்கின. கடலிலேயே செத்தவற்றையும் சேர்த்தால் பத்து லட்சம்வரை இருக்கலாம் என்று கணித்தார்கள். அறுத்துப் பார்த்தால் எல்லாமே பட்டினி. வடகிழக்குப் பசிபிக்கில் கடல்நீர் வழக்கத்தைவிட நெடுநாள் சூடேறிக் கிடந்ததும், அந்தச் சூட்டில் இரைமீன் குறைந்ததும்தான் பின்னாலிருந்த காரணம் என்று பிறகுதான் தெளிவாயிற்று. ஒரு பறவையை மட்டும் மேசையில் வைத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அதனால் பறவை ஒதுங்கிய அதே வாரத்தில் கடலில் என்ன நடந்தது என்பதையும் நான் குறித்துக்கொள்வேன். சாளை பட்டதா, நெத்திலி பட்டதா, தண்ணீர் நிறம் மாறியதா, நுரை அதிகமா, மீன் செத்து மிதந்ததா. இந்தத் தகவல் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது, வள்ளக்காரர்களிடம்தான் கிடைக்கும். ஆலா எங்கே வட்டமிடுகிறதோ அங்கே வலை போடுகிறவர்கள் அவர்கள். ஆலா வராத நாளையும் அவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆழ்கடல் பறவைகள் அதிகம் ஒதுங்கும் நேரமும் அதுதான். ஆழ்கடலில் கண் வைத்திருக்கும் ஆட்கள் கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில், கரையோரம் போய்வரும் வள்ளக்காரர்களின் பேச்சுதான் நமக்கு ஆதாரம்.

2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியதும், அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் நம் கரைவரைக்கும் வந்து அலைவரம்பில் வெள்ளைக் கோடாகக் கிடந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு எந்தப் பறவை செத்துக் கிடந்தாலும் "அந்தக் குருணை தின்னுதான்" என்ற பேச்சு வருகிறது. பயம் நியாயமானது. கடற்பறவைகள் பிளாஸ்டிக் தின்பதும், அதனால் இரைப்பை புண்ணாகித் தழும்பேறுவதும் நிரூபிக்கப்பட்ட விஷயம். ஆனாலும் இரைப்பையில் நாலு குருணை இருந்தால், அதுவே கொன்றது என்று எழுதிவிடக் கூடாது. அடைத்திருந்ததா? கிழித்திருந்ததா? நன்றாக இருந்து விபத்தில் செத்த பறவையின் வயிற்றிலும் அதே அளவு இருக்கிறதா? இந்த ஒப்பீடு இல்லாமல் சொல்கிற வார்த்தை, நாளை இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்புக்குத்தான் உதவும். அதனால்தான் காற்றாலையிலோ மின்கம்பியிலோ வலையிலோ அடிபட்டுச் செத்த பறவைகளையும் வனத்துறை அனுமதியோடு பரிசோதித்து, வயிற்றில் என்ன இருந்தது என்று எழுதிவைக்கச் சொல்கிறேன்.

இறகில் ஏதாவது ஒட்டியிருந்தால் முகர்ந்து பார்க்காதீர்கள், கழுவவும் செய்யாதீர்கள். ஒட்டியதோடு சில இறகுகளை வெட்டி, அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். 2013இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் ஆயிரக்கணக்கான பறவைகள் பசை ஒட்டியதுபோல இறகு பிணைந்து ஒதுங்கின. எண்ணெய்க் கசிவு என்றுதான் முதலில் நினைத்தார்கள். இறகிலிருந்த பொருளை ஆய்ந்தபோது பாலிஐசோபியூட்டிலீன் என்று தெரிந்தது. கப்பல்கள் தொட்டி கழுவும்போது கடலில் விட அதுவரை விதிகள் அனுமதித்திருந்த பொருள் அது. அதே ஆண்டில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதற்குத் தடை விதித்தது. நம் கடலுக்கு வெளியே கொழும்புக்குப் போகிற கப்பல்கள் வரிசையாகப் போவதை ராத்திரியில் கன்னியாகுமரியில் நின்றாலே பார்க்கலாம். எனக்கு அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து இறகு மாதிரி எடுக்காமல் வீடு திரும்ப மனது வராது.

மாதிரியைச் சேமித்து வைப்பதன் அருமைக்கு இன்னொரு கதை. அதே 1961இல், தென்னாப்பிரிக்காவில் ஆலாக்கள் செத்த ஆண்டில், கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாக் கரையில் ஷியர்வாட்டர்கள் நிதானம் தப்பி வீடுகளின் மேல் மோதி விழுந்து செத்தன. அன்றைக்குக் காரணம் தெரியவில்லை. அரை நூற்றாண்டு கழிந்து, அந்தக் கோடையில் எடுத்து வைத்திருந்த மிதவை உயிரி மாதிரிகளைச் சோதித்தவர்கள், நரம்பைத் தாக்கும் டோமோயிக் அமிலத்தைச் சுரக்கும் பாசி அந்த மிதவை உயிரிகளின் குடலில் நிறைந்திருந்ததைக் கண்டார்கள். பாசியிலிருந்து நெத்திலிக்கு, நெத்திலியிலிருந்து பறவைக்கு. காரணம் தெரியாமல் போன சாவுகளின் மாதிரியைத்தான் முக்கியமாகப் பத்திரப்படுத்த வேண்டும். தெரிந்ததை வைத்து என்ன செய்யப்போகிறோம்?

குளம், உப்பளம் பக்கம் என்றால் கதை மாறும். தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில் சேர்ந்தவை. பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றிச் சூடேறும்போது அங்கேயும், புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களிலும் வாத்துகளோ உள்ளான்களோ கழுத்தைத் தூக்க முடியாமல் தொங்கப்போட்டு, தண்ணீரில் முகம் கவிழ்ந்து செத்தால் முதலில் பாட்டுலிசம், அதாவது பாக்டீரியா சுரக்கும் விஷத்தால் உடம்பு செயலிழக்கும் நோய், நினைவுக்கு வரவேண்டும். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் சுமார் 18,000 பறவைகளைக் கொன்றது அதுதான். செத்த பறவையில் புழு வைக்கும், புழுவுக்கு ஒன்றும் ஆகாமல் விஷம் மட்டும் அதில் சேரும், அந்தப் புழுவைத் தின்னும் பறவை சாகும், அதில் மறுபடி புழு வைக்கும். அங்கே முடிவுக்காகக் காத்திருக்காமல் பிணங்களை அகற்றுவதே மருத்துவம். இதை உறுதிசெய்ய, சாகும் தறுவாயில் உள்ள பறவையின் ரத்தம்தான் மிக உதவும். அதனால் உயிரோடு தள்ளாடும் ஒன்றைக் கண்டால் உடனே சொல்லியனுப்புங்கள்.

எண்ணுவதில் ஓர் எச்சரிக்கை. கடலில் செத்ததில் ஒரு பங்குதான் கரைக்கு வரும், அது காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்தது. நம் கரையில் தூண்டில் வளைவுகளும் அலைத்தடுப்புக் கற்களும் வந்த பிறகு இது இன்னும் சிக்கலாகிவிட்டது. வளைவின் ஒரு பக்கம் மிதப்பதெல்லாம் வந்து குவியும், மறுபக்கம் மணலே இருக்காது. குவிந்த இடத்தைப் படம் பிடித்துவிட்டு ஊர் முழுக்க இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. கற்களுக்கு இடையில் சிக்கியதை எடுக்கப் போய்க் காலை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். எண்ணிய பறவையின் காலில் ஒரு வண்ண நூல் கட்டிவிட்டால், மறுநாள் வேறொருவர் அதையே புதிதாக எண்ண மாட்டார். கட்டும்போது காலில் வளையம் இருக்கிறதா பாருங்கள். பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் மாட்டிய வளையமாக இருந்தால், எண் தெரியும்படி படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பினால், அந்தப் பறவை எங்கே எப்போது பிடிபட்டது என்று தெரியவரும்.

படம் எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. சிறகை விரித்து மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, அலகு பக்கவாட்டில் ஒன்று, கால் ஒன்று, கிடந்த இடம் தூரத்திலிருந்து ஒன்று. பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் இருந்தால் மிக நல்லது, இல்லையென்றால் தீப்பெட்டி போதும். விரிக்கக் கையுறை இல்லையென்றால் கிடந்தபடியே எடுங்கள். ஃபோனில் இருப்பிடப் பதிவு போட்டிருந்தால் ஜி.பி.எஸ். தானாகவே படத்தோடு சேர்ந்துவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும், ஃபைலாக அனுப்ப வேண்டும்.

பறவையை வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எடுத்துப்போகக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி செத்த காட்டுப் பறவையும் அரசின் சொத்து. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, கூடவே கால்நடை பராமரிப்புத் துறைக்கும் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். முடிவு வரும்வரை கரையோர வீடுகளில் கோழிகளை அடைத்து வைக்கச் சொல்வது நல்லது. நன்றாக வேகவைத்த கோழிக்கறியால் ஆபத்தில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வதந்தி கடைக்காரர்களின் பிழைப்பில் கை வைக்கும். எங்கள் அனுபவத்தில் இதற்குக் கோயில் மைக்கைவிடச் சிறந்த வழி கிடையாது. பங்குத்தந்தை காலைப் பூசை முடிந்து இரண்டு வாக்கியம் சொன்னால் ஊர் அடங்கும்: என்ன தெரியும், என்ன இன்னும் தெரியாது, எப்போது தெரியும்.

'காரணம் உறுதியாகவில்லை' என்று அறிக்கையில் எழுத வெட்கப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலதிகாரி கேட்பார், பத்திரிகைக்காரர் கேட்பார், ஊர் கேட்கும். அந்த அழுத்தத்தில் 'மாரடைப்பு', 'வெப்பத்தாக்கு' என்று ஏதாவது எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். மூடிய ஃபைலை யாரும் திறக்க மாட்டார்கள். காய்ச்சல் இல்லை, கன உலோகம் பார்க்கவில்லை, பூச்சிக்கொல்லி பார்த்தோம், இல்லை என்று பார்த்ததையும் பார்க்காததையும் பிரித்து எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு அதே மாதம் அதே கரையில் அதே பறவை ஒதுங்கும்போது பின்னால் வருகிற மருத்துவர் அங்கிருந்து தொடங்கலாம்.

உயிரோடு ஒதுங்கும் பறவைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பையன்கள் அன்பினால்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் அங்கேயே சாகும். சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம். திரும்பக் கடலில் வீசவும் வேண்டாம், பலமில்லாமல்தானே கரைக்கு வந்தது. துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூர்மையான அலகு கண்ணைக் குறிவைக்கும், முகத்துக்கு நேரே தூக்காதீர்கள்.

இப்போது பள்ளத்திலிருந்து மணக்குடிப் பொழிவரை, கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வாரந்தோறும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். செத்த பறவை, உயிரோடு நிற்கும் பறவை, குருணை, வலைத்துண்டு எல்லாம் ஒரே படிவத்தில். ஒன்றுமே கிடைக்காத வாரத்திலும் சுழியம் என்று எழுதி, நடந்த நேரத்தையும் காற்றடித்த திசையையும் குறிக்கிறார்கள். வழக்கமான ஆனி மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் வழக்கமில்லாத ஆனியை அடையாளம் காண முடியும். மேற்கே தேங்காய்ப்பட்டணம் பொழிக்கு அப்பால், இரையுமன்துறையிலிருந்து நீரோடிவரை இப்படி நடக்க இன்னும் ஆள் அமையவில்லை. கேரளப் பக்கமிருந்து மிதந்து வருவதெல்லாம் முதலில் ஒதுங்கும் கரை அது. அந்த ஊர்களில் காலையில் எப்படியும் கரைக்குப் போகிற பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். படிவமும் கையுறையும் நான் தருகிறேன். முதல் நடைக்குக் கூடவே வருகிறேன்.